நிரலைத் திருத்துதலும் பதிப்புச் செயலே: கொல்லிமலைத் தரவுகளை முன்வைத்து

அண்மைக்காலத் தமிழாய்வேடுகளில் எண்ணிக்கை அட்டவணைகள் பெருகி வருகின்றன. ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை இடங்களில் வருகிறது, ஒரு புலவர் ஒரு மலையை எத்தனை பாடல்களில் சுட்டுகிறார், ஓர் ஊர்ப்பெயர் விகுதி எந்த வட்டாரத்தில் மிகுதி என்பனவற்றுக்கெல்லாம் எண் தரப்படுகிறது. அவ்வெண்களில் பெரும்பாலானவை இன்று கையால் எண்ணப்படுவன அல்ல. மின்னுரை ஒன்றைத் தரவிறக்கி, அதனை நிரை, நிரல் கொண்ட அட்டவணையாக்கி, சில கட்டளைகளால் ‘தூய்மை’ செய்து, பின்னர் எண்ணுகின்றோம். மூல உரைக்கும் முடிவான எண்ணுக்கும் இடையே நிகழ்ந்த அத்தூய்மைப் பணியை ஆய்வேடு ஒரு தொடரில்கூடக் குறிப்பதில்லை. அதனைக் கணினித் துறையினரின் சிறுபணி என ஒதுக்குதல் பிழையென்பதும், அது பாடத்தைத் தெரிந்தெடுக்கும் பதிப்புச் செயலே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. கொல்லிமலை பற்றிய இலக்கியச் சான்றுகளும் ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

இப்பணிக்கு இன்று பெரிதும் பயன்படுவது பைத்தான் மொழிக்குரிய பாண்டாஸ் நூலகம். வெஸ் மெக்கின்னி 2008இல் நிதித்துறைத் தரவுகளைக் கையாள்வதற்காக உருவாக்கத் தொடங்கியது அது. அட்டவணையைத் தரவுச் சட்டகம் என்னும் வடிவில் அது வைத்துக்கொள்கிறது. உரை நிரம்பிய ஒரு நிரல் முழுவதற்கும் ஒரே கட்டளையில் நீளம் காணலாம்; துண்டாக்கலாம்; ஒன்றை நீக்கி மற்றொன்றை இடலாம்; குறித்த தொடர் உள்ள நிரைகளை மட்டும் பிரித்தெடுக்கலாம். பேரெழுத்தைச் சிற்றெழுத்தாக்கும் கட்டளைகளும் உண்டு. அவை தமிழுக்குத் தேவையில்லை. தமிழுக்குத் தேவையான மெய், உயிர்மெய்ப் பகுப்போ அதில் இல்லை. குறை நூலகத்தின்மேல் அன்று. அது எழுத்து எனக் கொள்வது ஒன்று, தொல்காப்பியரும் நன்னூலாரும் எழுத்து எனக் கொள்வது வேறொன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் கட்டளையிடுவோர் அடையும் விடையே பிழைபடுகிறது.

‘கொல்லி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இலக்கண நூலார்க்கு இது கொ, ல், லி என மூன்றெழுத்து; மாத்திரை இரண்டரை. பாண்டாசின் நீளம் காணும் கட்டளை ஆறு என்கிறது. ஒருங்குறியில் ககரம், ஒகரக்குறி, லகரம், புள்ளி, லகரம், இகரக்குறி என ஆறு குறியெண்கள் இருப்பதே காரணம். ஒகரக்குறியை ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துப் பதித்த கோப்பாயின் விடை ஏழு. முதலெழுத்தைக் கேட்டால் ‘க’ கிடைக்கும். இறுதியெழுத்தைக் கேட்டால் உயிரற்றுத் தனித்து நிற்கும் ஓர் இகரக்குறி கிடைக்கும். மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகளை இம்முறையில் ஆராயப் புகுவோர்க்கு ககர வருக்கம் முழுவதும் ஒரே எழுத்தாய் அடங்கிவிடும். மெய்யீற்றுச் சொற்களெல்லாம் ‘புள்ளி’ என்னும் ஒரே ஈற்றன ஆகிவிடும். னகர ஈறும் மகர ஈறும் ளகர ஈறும் வேறுபாடின்றி ஒன்றாகும்.

இதற்குரிய அடிப்படை வரலாற்றுக் காரணமுடையது. தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடி. அதன்மேல் உயிர் ஏற உயிர்மெய் பிறக்கும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்டிருந்த இஸ்கி குறியேற்றத்தைத் தழுவி, அகரமேறிய உயிர்மெய்யை அடியாகக் கொண்டு, புள்ளியை அதன் அகரத்தை நீக்கும் குறியாக வைத்தது. நம் இலக்கணத்தில் கூட்டிப் பெறுவதை அது கழித்துப் பெறுகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரப்படுத்தியதற்கு இவ்வேறுபாடே பின்புலம். எனினும் நடைமுறையில் ஒருங்குறியே நிலைபெற்றது. அதனை மாற்றக் கோருவதில் இனிப் பயனில்லை; அதன் இயல்பறிந்து கையாள்வதே நம்முன் உள்ள வழி. எழுத்துகளை இலக்கண முறைப்படி பிரித்துத் தரும் ஓப்பன் தமிழ் போன்ற கட்டற்ற நூலகங்கள் உள்ளன. அவற்றின் எழுத்துப் பிரிப்புக் கட்டளையை நிரல் முழுவதற்கும் செலுத்தினால் ‘கொல்லி’க்கு மூன்று என்றே விடை வரும்.

ஒரே வடிவம், இரு பாடம்

எழுத்தெண்ணிக்கைச் சிக்கல் அறிந்தவுடன் தீர்வது. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றிக் கணினிக்கு வேறாய் நிற்கும் வடிவங்களே கடினமானவை. தேவாரப் பண்களுள் கொல்லி ஒன்று, கொல்லிக்கௌவாணம் மற்றொன்று. சுந்தரர் தேவாரத்தில் பின்னதற்குரிய பதிகங்கள் உள்ளன. பதிகங்களைப் பண் வாரியாகத் தொகுத்து எண்ணுவதற்குப் பண்ணின் பெயர் ஒரு நிரலில் இருக்கும். அந்நிரலில் ‘கொல்லிக்கௌவாணம்’ என்னும் பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கக் கூடும். ஔகாரக்குறியை முறையாகத் தட்டச்சிட்டால் பதினைந்து குறியெண்கள். ஒகரக்குறியையும் ஔகாரக்குறியையும் இவ்விரண்டாகப் பிரித்து வைத்தால் பதினேழு. ஔகாரக்குறிக்கு மாறாக எகரக்குறியும் ளகர எழுத்தும் இட்டு ‘கொல்லிக்கெளவாணம்’ என அடித்தால் பதினாறு. திரையில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. பாண்டாசு இவற்றை மூன்று பண்களாக எண்ணும்.

முதலிரண்டையும் ஒன்றாக்கும் வழி நூலகத்திலேயே உண்டு. என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கக் கட்டளை, பிரிந்து நிற்கும் குறிகளைச் சேர்த்துப் பதினேழைப் பதினைந்தாக்கும். மூன்றாவதை அது தொடாது. ஏனெனில் அங்கே இருப்பது உண்மையான ளகரம். இலக்கண முறையில் எண்ணினாலும் எட்டெழுத்துப் பெயர் ஒன்பதெழுத்தாகிவிடும். ‘ஔவையார்’ என்பதும் ‘ஒளவையார்’ என்பதும் இத்தகையனவே. சங்கப் புலவர் பெயர் நிரலில் ஔவையார் இருவராகத் தோன்றுவது இதனால்தான். இதனைத் திருத்துவதற்கு ‘எகரக்குறியோடு ளகரம் வந்தால் ஔகாரம்’ எனப் பொதுவிதி செய்தல் ஆகாது; ‘கெளிறு’ என்னும் மீன்பெயர் ‘கௌிறு’ எனச் சிதையும். ‘தெளிவு’, ‘வெளி’ ஆகியனவும் அவ்வாறே பாழாகும். ஆக, ஒவ்வோரிடத்திலும் சொல்லறிந்து தீர்மானிக்க வேண்டியுள்ளது. சொல்லறிந்து பாடம் தீர்மானிப்பவர்க்கு நம் துறையில் வழங்கும் பெயர் பதிப்பாசிரியர் என்பது.

இங்கே ஓலைச்சுவடியை நினைவுகூர்தல் பொருந்தும். சுவடியில் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒத்திருக்கும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது எதிர்கொண்ட இடர்ப்பாடுகளுள் இவையும் அடங்கும். அவர் தாம் கொண்ட பாடத்தைத் தந்ததோடு வேறு பாடங்களையும் குறித்து வைத்தார். அவர் தெரிவு பொருந்தாதென ஒருவர் கருதினால், அவர் தந்த குறிப்பைக் கொண்டே மறுக்கலாம். இன்றைய கட்டளைத் தொடரோ ‘பழையதை நீக்கிப் புதியதை இடுக’ என்கிறது. பழையது எங்கும் எஞ்சுவதில்லை.

வன்பரணரும் பரணரும்

கொல்லி பற்றிய சங்கச் சான்றுகளைத் தொகுப்போர் புலவர் பெயர் நிரலில் சந்திக்கும் இடர் இன்னும் நுட்பமானது. வல்வில் ஓரியைப் பாடியவருள் முதன்மையானவர் வன்பரணர். புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்கள் அவருடையவை. குறுந்தொகை 89ஆம் பாடலில் கொல்லிப்பாவையைச் சுட்டுபவர் பரணர். இருவரும் ஒருவரல்லர். ‘பரணர் என்னும் தொடர் உள்ள நிரைகளைத் தருக’ எனப் பாண்டாசைக் கேட்டால் வன்பரணரின் பாடல்களும் சேர்ந்தே வரும். கபிலரைத் தேடுவார்க்குத் தொல்கபிலர் வருவதும் இவ்வாறே. பரணரின் கொல்லிப் பாடல்கள் இத்தனை எனக் கூறும் எண்ணில் வேறொரு புலவரின் பாடல்கள் அடங்கியிருத்தல் சிறுபிழையன்று. வரலாற்றுச் செய்திகளை மிகுதியாகத் தருபவர் பரணர் என்னும் கருத்தே அத்தகைய எண்ணிக்கைகளின்மேல் நிற்பது.

கணினிப் பயிற்சியுடையோர் இதற்கு உடனே ஒரு மாற்றுக் கூறுவர்: ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவத்தேடலில் சொல்லெல்லைக் குறியை இருபுறமும் இட்டால் முழுச்சொல் மட்டும் கிடைக்கும் என்பர். ஆங்கிலத்தில் கிடைக்கும். தமிழில் நேர்வது விந்தையானது. பாண்டாசு வழக்கமாகச் சார்ந்திருக்கும் பைத்தானின் வடிவத்தேடல், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லுக்குரிய எழுத்துகளாகக் கருதுவதில்லை. ஆதலின் ‘பரணர்’ என்பதில் ரகரத்துக்கும் புள்ளிக்கும் இடையே சொல் முடிந்துவிட்டதாக அது கொள்கிறது. புள்ளிக்குப் பின் வெற்றிடம் வந்தால் அங்கே எல்லையில்லை என்கிறது. இருபுறமும் எல்லை இட்டுத் தேடினால் தனித்து நிற்கும் ‘பரணர்’ ஒன்றுகூடக் கிடைக்காது. ‘பரணர்க்கு’ என்பது கிடைக்கும். முன்புறம் மட்டும் எல்லை இட்டால் வன்பரணர் மீண்டும் வந்து நிற்பார். னகரப் புள்ளியை அடுத்துப் புதுச்சொல் தொடங்குவதாக அத்தேடல் எண்ணுவதே காரணம்.

இக்குறைபாட்டின் விளைவு ஒரு நிரலோடு நில்லாது. உரையைச் சொற்களாகப் பிரிக்கும் வழக்கமான கட்டளைகள் பலவும் இதே வரையறையை அடியாகக் கொண்டவை. ‘கொல்லிமலை’ அவற்றின் வழியே செல்லும்போது க, ல, ல, மல என நான்கு துண்டாகும். சுவடியெழுதியவர்கூடப் புள்ளியை மட்டுமே விட்டார், உயிர்க்குறியை விடவில்லை. இத்துண்டுகளைச் சொல்லெனக் கொண்டு வரையப்படும் நிகழ்வெண் வரைபடம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும் என்பதுதான் அச்சம் தருவது. இதனைத் தவிர்க்க வழியுண்டு. புலவர் பெயர்க்கு ‘உள்ளதா’ என வினவாமல் ‘அதுவேயா’ என வினவ வேண்டும். உரைக்கு வேண்டுமாயின், இணைகுறிகளையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும் வேறு வடிவத்தேடல் நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும். எவ்வழியைக் கொண்டார் என்பதை ஆய்வாளர் கூறினாலன்றி அவர் எண்ணை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ படிப்பவர்க்கு இடமில்லை.

வெற்றிடத்தைக் கொண்டு பிரித்தலிலும் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலியவற்றின் வழி நாம் பெறும் செய்யுளுரைகள் பெரும்பாலும் சீர் பிரித்து அமைந்தவை. வெற்றிடத்தில் வெட்டினால் கிடைப்பது சீர், சொல்லன்று. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகளை அடியாகக் கொண்ட உரையாயின் விளைவு வேறு. கொல்லி என்னும் சொல்லே கொல்லிக், கொல்லிப் என வல்லொற்றோடு நிற்கும் இடங்கள் பல. அவற்றை வேறு சொற்களாக எண்ணுதலும், எல்லா ஈற்று ஒற்றுகளையும் கண்மூடி வெட்டுதலும் ஒருங்கே பிழை. ‘குரீஇ’, ‘வழாஅ’ போன்ற அளபெடைகளை ‘மிகைக் குறியீடு’ எனக் களையும் கட்டளைகளையும் கண்டிருக்கிறோம். யாப்பினை ஆராயும் கட்டுரையொன்றில் அக்களைதல் நிகழ்ந்தால் எஞ்சுவது என்ன?

ஊர்ப்பெயர்களும் விதைப்பெயர்களும்

இலக்கியத்தில் நேரும் பிழையைத் திருத்த அச்சுப்பதிப்பு உள்ளது. கள ஆய்வுத் தரவுக்கு அத்தகைய காப்பில்லை. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் நாடு என்னும் சொல்லால் முடிவன: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்றவாறு. எல்லா நிரைகளிலும் வரும் சொல் வேறுபாடு காட்டாது என்னும் கொள்கைப்படி தூய்மைக் கட்டளை முதலில் நீக்குவது இந்த ‘நாடு’ என்பதையே. சோழர் கால ஆட்சிப் பிரிவாக நாடு பெற்றிருந்த இடத்தை எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்சொல் இன்றும் ஊர்ப்பெயரில் உயிரோடு வழங்கும் மலையில் அதனைப் பயனற்ற சொல்லென வெட்டுதல் தரவையே வெட்டுதலாகும்.

அரசுத் தரவுகள் பல ஆங்கில எழுத்தில் மட்டும் கிடைப்பதால் மற்றோர் இடர் நேர்கிறது. அவற்றைத் தமிழாக்கும் கருவி, சேலூரைச் செலூர் என்றும் வளப்பூரை வலப்பூர் என்றும் தர வாய்ப்புண்டு, வாழவந்தி வலவந்தியாகலாம். எகர ஏகார வேறுபாடற்ற சுவடியைப் போலவே ஆங்கில எழுத்தும் குறில் நெடிலைக் காட்டுவதில்லை. ல, ள, ழ மூன்றுக்கும் பல நேரங்களில் ஒரே எழுத்தை இடுகிறது. தின்னனூரா திண்ணனூரா என்பதை அவ்வெழுத்தைக் கொண்டு தீர்க்க இயலாது. ஊரில் சென்று கேட்டல் ஒன்றே வழி. கேட்டதையும் ஆவணத்தில் கண்டதையும் தனித்தனி நிரலில் வைத்தலே முறை.

அறப்பள்ளி என்னும் தலப்பெயர் வைப்புத் தலங்களுள் வைத்து எண்ணப்படுவது. அறைப்பள்ளி என்னும் வடிவமும் உண்டு. கோயிலின் பெயர் இன்று அறப்பளீஸ்வரர், அரப்பளீஸ்வரர், அறப்பளீசுவரர் எனப் பலவாறு எழுதப்படுகிறது; அம்பலவாணக் கவிராயரின் சதகம் அறப்பளீசுர சதகம் என வழங்குகிறது. தூய்மை விரும்பும் ஆய்வாளர் இவற்றை ஒன்றாக்கியே தீர்வார். ஒன்றாக்குதல் தவறன்று, எண்ணுவதற்கு அது வேண்டும். ஆனால் றகரம் எங்கே ரகரமாகிறது, கிரந்தம் எங்கே நுழைகிறது, ஐகாரம் எங்கே தேய்கிறது என்பவையும் ஆராயத்தக்கவை. ஒன்றாக்கிய வடிவத்தைப் புதிய நிரலில் வைத்து, மூலவடிவ நிரலைத் தொடாது விட்டால் இருவர்க்கும் பயன்படும். இதற்குக் கூடுதலாக ஆகும் செலவு ஒரே ஒரு கட்டளை.

கொல்லிமலையில் சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் செய்து வந்துள்ளது. அப்பணி வழி அறியவந்த சாமை வகைகளுள் கட்டவெட்டி, வெள்ளப்பெருஞ்சாமை முதலியன உண்டு. சொல்லாய்வாளர்க்கு இப்பெயர்கள் பெருஞ்செல்வம். ‘கட்டவெட்டி சாமை’, ‘கட்டவெட்டிச் சாமை’ என ஒற்று மிக்கும் மிகாதும் வரும் இரண்டினை எந்திரம் இருவகை விதையாக எண்ணும். இதனை ஒன்றாக்குதல் தகும். ‘வெள்ள’ என்பதை ‘வெள்ளை’ எனத் திருத்துதல் தகாது. அங்கே ஈற்று ஐகாரம் அகரமாய் ஒலிப்பது மலைவாழ் மக்களின் பேச்சுவழக்குச் சான்று. எழுத்துப்பிழை திருத்தியோ இரண்டையும் ஒரே வகைப் பிழையாகக் காண்கிறது. எதனைத் திருத்துவது, எதனை விடுவது என்பதற்குக் கிளைமொழியியல் வேண்டும். கட்டளை எழுதத் தெரிந்திருத்தல் போதாது.

இவற்றையெல்லாம் கணினித்தமிழ்த் தாளில் கற்பித்தாயிற்றே எனச் சிலர் கூறலாம். அத்தாளில் குறியேற்ற வரலாறும் விசைப்பலகையும் இடம்பெறுவது நன்றே. எனினும் இச்சிக்கல் பதிப்பியல் தாளுக்குரியது என்பது என் கருத்து. பாடவேறுபாடு, மூலபாடம், பதிப்பாசிரியர் தெரிவு, அடிக்குறிப்பின் கடமை ஆகியவற்றைக் கற்ற மாணவர்க்கு நிரல் திருத்தத்தின் அறம் எளிதில் விளங்கும். கணினித்தமிழ் வழியாக மட்டும் வருவார்க்கு வெட்டலும் ஒட்டலும் திறமையாகவே தோன்றும். வி. ஐ. சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டபோது ஒவ்வொரு சொல்லையும் இலக்கணம் நோக்கிப் பகுத்தே அடுக்கினார். எந்திரம் விரைவைத் தந்திருக்கிறது. பகுக்கும் பொறுப்பைத் தன்மேல் ஏற்கவில்லை. செயற்கை நுண்ணறிவு இதனைத் தானே தீர்க்கும் என்பாரும் உளர். அது பயிலும் உரையே மேற்காட்டிய வெட்டலுக்கும் ஒட்டலுக்கும் உட்பட்டதாயின், வன்பரணரைப் பரணராக்கும் பிழை இன்னும் சரளமான தமிழில் நமக்குத் திரும்ப வரும்.

அகரநிரல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பாண்டாசு வரிசைப்படுத்துவது குறியெண் முறையில். அதில் றகரம் ரகரத்தை அடுத்தும் னகரம் நகரத்தை அடுத்தும் வரும். புள்ளியெழுத்து உயிர்மெய்க்குப் பின் தள்ளப்படும். நம் அகராதி மரபில் ‘கல்’ முன்னும் ‘கலம்’ பின்னும் வருபவை. அங்கே முறை தலைகீழ். பின்னிணைப்பில் ‘அன்னம்’ ‘அப்பம்’ என்பதற்கு முன் நிற்பதைக் கண்டால், அவ்வட்டவணையைத் தமிழறிந்த ஒருவர் மீள நோக்கவில்லை என உறுதியாகக் கொள்ளலாம்.

ஆய்விதழ்கள் செய்யத்தக்கது கடினமானதன்று. எண்ணிக்கையை அடியாகக் கொண்ட கட்டுரைக்கு ஒரு தரவுக் குறிப்பைக் கட்டாயமாக்குதல் போதும். மதிப்பீட்டாளர் கேட்டால் மூல நிரலும் கட்டளைத் தொடரும் அளிக்கப்பட வேண்டும். அக்குறிப்பு நீண்டதாக இருக்கத் தேவையில்லை. கொல்லி பற்றிய ஆய்வாயின் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: ‘உரை இன்ன மின்பதிப்பிலிருந்து இன்ன நாளில் பெறப்பட்டது, அது சீர் பிரித்தது. என்எஃப்சி இயல்பாக்கம் செய்யப்பட்டது. ஔகாரத்துக்கு மாறாக எகரக்குறியும் ளகரமும் வந்த இடங்கள் சொல்நோக்கித் திருத்தப்பட்டன. பட்டியல் பின்னிணைப்பில் உள்ளது. புலவர் பெயர் முழுப்பொருத்தத்தால் தேடப்பட்டது. வன்பரணர் வேறாக எண்ணப்பட்டார். அளபெடைகள் நீக்கப்படவில்லை. பண்ணின் பெயராக வரும் கொல்லி விலக்கப்பட்டது. மூலவடிவ நிரல் மாற்றமின்றி வைக்கப்பட்டுள்ளது.’